கிடைக்கவில்லை என்று எழுதியவள்

ரெக்கார்டு அக்கா கடவுளுக்கு மார்க் போடுகிறாள் என்று சபையில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பிய பேச்சு கிளம்பிய இடத்திலேயே நிற்குமா? முன்வரிசையில் அது வெறும் மார்க்தான். பாட்டுக் குழுவைத் தாண்டும்போது "நூத்துக்கு முப்பத்தஞ்சுதான் போட்டிருக்காளாம்" என்றானது. சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு வருவதற்குள் கடவுள் ஃபெயில். "என்ன நெஞ்சழுத்தம் பாரேன்!" என்று பூட்டைத் திறந்துகொண்டே ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள்.

அவள் மார்க் போடுவதாகச் சொன்ன அந்த ஆல்பப் புத்தகத்தை அவர்களில் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. அது நாலு கிலோ.

அக்கா ஆஸ்பத்திரியின் பதிவறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். பட்டப்பெயர் அங்கிருந்து வந்தது. ஜன்னல் இல்லாத அறை, கூரையை முட்டும் இரும்பு அலமாரிகள், நோயாளிகளின் கோப்புகள். அங்கே ஒரே சட்டம்: எந்தத் தாளையும் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதி, கையெழுத்து. அடித்ததைப் பிறகு வருகிறவன் படிக்க முடிய வேண்டும். "நீ வெட்கப்பட்டுக் கிழிச்ச தாள்லதான் அந்த ஆளுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு எழுதியிருக்கும்" என்பாள், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம்.

சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை. மற்ற வீட்டு ஆல்பங்களில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். ஓரத்தில் ஜிகினா மின்னும். அக்காவின் தடித்த நோட்டில் படத்துக்குப் படம் பக்கத்தில் ஒரு ஜெபச் சீட்டு இருக்கும். சாப்பாட்டுக்கு முன் நடக்கும் குடும்ப ஜெபத்தில், வேண்டியதை ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். மாதக் கடைசியில் அக்கா டப்பாவைக் கவிழ்ப்பாள். ஒவ்வொன்றையும் ஒட்டி, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட தேதி முத்திரையால் ஒரு குத்துக் குத்தி, அடியில் மூன்றில் ஒன்றை எழுதுவாள். கிடைத்தது. கிடைக்கவில்லை. பார்க்கலாம்.

ஆக, மார்க் கிடையாது. ஆனால் சும்மாவும் விடவில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவர் ஒருநாள் எழுதியது: "இன்று வருகிறவருக்கு பிரேக் எது என்று தெரிந்திருக்க வேண்டும் ஆண்டவரே." கிடைக்கவில்லை, பக்கத்தில் நசுங்கிய முன்விளக்கின் படம். மகள் எழுதியது: "கணக்குப் பரீட்சை தள்ளிப்போகணும்." கிடைத்தது, ஆனாலும் பாஸாகவில்லை. பெயர் போடாத ஒரு சீட்டு: "என் அண்ணிக்கு நல்ல புத்தி கொடும்." அக்காவை அண்ணி என்று கூப்பிடக்கூடியவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி, ஞாயிறுதோறும் சாப்பிட வரும் கணவரின் தங்கை. கையெழுத்தும் அவளுடையதுதான். அக்கா முகம் மாறாமல் அதையும் ஒட்டி, 'பார்க்கலாம்' என்று எழுதியிருக்கிறாள்.

இந்த நாத்தனார்தான் சபைப் பெண்கள் சங்கச் செயலாளர். ஆண்டு விழாவுக்கு வீட்டுக்கு ஒரு ஆல்பம் மேஜையில் வைக்க வேண்டும், குடும்பமே சாட்சியாக நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவள் அவளே. அண்ணியின் நோட்டைப் புரட்டிவிட்டுப் பதறிப்போய், ஒரே ஒரு தோழியின் காதில் போட்டவளும் அவளே. கடவுள் ஃபெயிலான கதையின் ஊற்றுக்கண் அந்தக் காது.

அவளைப் பதற வைத்தது நாற்பத்தேழாம் பக்கம். இரண்டு வருடத்துக்கு முன் நோயில் இறந்துபோன நாத்தனாரின் தம்பி, வீட்டில் எல்லோரும் சின்னவன் என்று கூப்பிட்டவன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கம்பளித் தொப்பியோடு நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கும் படம். அதன் கீழே குடும்பத்தார் எழுதிய ஏழு சீட்டுகள். ஏழிலும் ஒரே வேண்டுதல்: சின்னவனைக் குணமாக்கும். ஏழுக்கும் ஒரே பதில்: கிடைக்கவில்லை. அதற்கும் கீழே கோணல்மாணலாக அவனே எழுதிய எட்டாவது: "ஒரு நாளாவது வலி இல்லாம தூங்கணும். மத்தது உம் இஷ்டம்." அதற்கு அக்கா எழுதியிருந்தாள்: கிடைத்தது, மூன்று நாள்.

"அண்ணி, இந்தப் பக்கத்தை எடுத்துடுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? சபையே வந்து பாக்கும். நம்ம ஜெபம் பலிக்கலைன்னு நாமளே தண்டோரா போடணுமா? இவங்களுக்கு விசுவாசம் பத்தலை, அதான் பையன் போயிட்டான்னு பேசுவாங்க."

"பேசட்டும். கேட்டோம், கிடைக்கலை. கேக்கவே இல்லைன்னு காட்டணுமா?"

"ஆண்டவரையே மாட்டி விடுறீங்க!"

"மறைச்சு வச்சுக் காப்பாத்துறதுக்கு அவரு என்ன என் மேனேஜரா?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது தெரிந்தும் கணவர் வாயைத் திறந்தார். "ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்..."

"பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒண்ணா மிதிக்காதீங்க" என்றாள் அக்கா. அவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

நாத்தனார் ஆயரை அழைத்து வந்தாள். நல்ல மனிதர்; யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காகவே பாதி தலைமுடியை இழந்தவர். டீயைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "மேல ஒரு பூப்படம் ஒட்டிடலாமேம்மா. பாக்கவும் அழகா இருக்கும்."

"வேதத்துல அழுதவங்க பக்கம் எத்தனை இருக்கு ஐயா? அதுமேல யாராச்சும் பூ ஒட்டினாங்களா?"

ஆயர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தப் பக்கம் வந்தா நானே பிரசங்கத்துல தாண்டித்தான் போவேன்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு எழுந்தார். அதற்குமேல் அவரிடம் தீர்ப்பு இல்லை.

அக்காவிடம் இருந்தது. "வந்தா முழுசா வரும். பக்கம் போகணும்னா புத்தகம் வராது."

செயலாளரின் பிறந்த வீட்டு இடமே காலியாக இருந்தால் மானம் போகும். நாத்தனார் இறங்கி வந்தாள். "சரி அண்ணி, இருக்கட்டும். ஓரத்துலயாவது கொஞ்சம் ஜிகினா ஒட்டித் தரேன், குடுங்க." அக்கா ஒரு நொடி யோசித்துவிட்டுத் தூக்கிக் கொடுத்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் காலை, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நாத்தனார் வாசலில் நின்றாள். ஜிகினாவைக் காணோம். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

கெட்டிலின் ஆவியைக் காட்டி ஏழு சீட்டையும் உரித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறாள். அக்காவின் பசை ஆபீஸ் பசை, உடும்புப்பிடி. ஏழும் அசையவில்லை. ஆவியில் ஊறிப்போயிருந்த எட்டாவது சீட்டுதான் இழுப்புக்கு நடுவில் கிழிந்து கையோடு வந்துவிட்டது.

"நம்மளோடதைத்தான் இழுத்தேன் அண்ணி. அவனோடது வந்துடுச்சு."

அக்கா கிழிந்த சீட்டை வாங்கிப் பார்த்தாள். பதிவறையில் இப்படி ஒருத்தி வந்து நின்றிருந்தால் என்ன பேசியிருப்பாளோ, அதெல்லாம் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். மேஜை விளக்கைப் போட்டு, மெல்லிய தாளும் பசையும் எடுத்து வைத்தாள்.

"அழுது தாளை நனைக்காத. தள்ளி உக்காரு."

ஒரு மணி நேரம் ஆனது. எழுத்தோடு எழுத்து பொருத்தி, அடியில் 'கிழிந்தது, ஒட்டப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டாள். கடைசி ஓரத்தில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தாள் குறைந்தது. 'உம் இஷ்டம்' இருக்க வேண்டிய இடம்.

"மீதி எங்க?"

"வீட்டுல இருக்கு. கொண்டுவரேன்."

மறுநாள் மார்க் பார்க்க வந்த கூட்டம் நாற்பத்தேழாம் பக்கத்தில் வந்து நின்றது. முப்பத்தைந்து என்று சொல்லித் திரிந்த பாட்டுக்குழுக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு இருக்குக்கா. ஒட்டாம டிராயர்ல வச்சிருக்கோம்" என்றார். பின்னால் யாரோ, "விசுவாசம் பத்தியிருந்தா..." என்று இழுத்தார்கள்.

அக்கா திரும்புவதற்கு முன்பே நாத்தனார் திரும்பிவிட்டாள். "யாருக்குங்க பத்தலை? ஏழு பேர் எழுதியிருக்கோம். எண்ணத் தெரியும்ல, எண்ணிப் பாருங்க!"

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. மூன்று ஞாயிறும் சாப்பிட வந்தவளிடம் அக்கா கேட்டாள். "கொண்டுவந்தியா?"

"அச்சச்சோ, மறந்தே போச்சு அண்ணி."

மூன்றாவது ஞாயிறு, ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். நாத்தனார் மடியில் வேதம் விரிந்திருந்தது. நடு மடிப்பில் நகம் அளவுக்கு ஒரு காகிதத் துணுக்கு. அதன்மேல் அவள் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஆமென் சொன்னார்கள். தட்டு வைத்தார்கள்.

"அடுத்த வாரம் கட்டாயம் கொண்டா."

"கட்டாயம் அண்ணி."