சம்பளத்துக்குச் சும்மா உட்காருகிறவள்

நாற்காலிப் பட்டறையில் அவளை எல்லாரும் சும்மாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய வேலையே சும்மா உட்கார்வது. சிரிக்காதீர்கள், சம்பளத்தோடுதான்.

முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத்தான் வந்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் புது நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தவள், "பின்னங்கால் முனகுதுண்ணே" என்றாள். பெரிய தச்சர் பிரித்துப் பார்த்தால், பொருத்தில் பசையே இல்லை. அன்றிலிருந்து அவள் உட்கார்ந்து எழாத நாற்காலி வாசலைத் தாண்டாது. நாற்காலியும் புது மருமகள் மாதிரிதான். முதல் கால்மணி நேரம் மரியாதையாக இருக்கும், பிறகுதான் வாயைத் திறக்கும் என்பாள். அதுவரை அவள் தன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் பெரும்பாடு. வீட்டில் அவள் பேச்சு சும்மா அருவி மாதிரிக் கொட்டும்.

புது மேனேஜர் வந்தார். அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

உதட்டில் விரல் வைத்தாள். கால்மணி நேரம் கழித்து, "சும்மா உக்காந்திருக்கேன் சார்" என்றாள்.

"இங்க யாருக்கும் சும்மா சம்பளம் குடுக்கறதில்ல. திங்கக்கிழமையில இருந்து அட்டை சுத்தற பக்கம் போங்க."

லாரி ஏறப்போகும் நாற்காலிகளுக்கு அட்டை சுற்றுவதென்றால் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். அவள் முழங்கால் இரண்டும் மாடிப்படியைப் பார்த்தாலே அழும். ஆனாலும் கெஞ்சவில்லை. பிடிவாதத்தில் அவளும் தேக்கும் ஒரே சாதி. "சரி சார்" என்று எழுந்துவிட்டாள்.

திங்கட்கிழமை, ஒரு வாசிப்பறைக்குப் பன்னிரண்டு நாற்காலி போக வேண்டும். ஊசி விழுந்தாலும் கேட்கிற இடம். மேனேஜரே உட்கார்ந்து பார்த்தார். கிறீச். அடுத்தது, கிறீச். ஏழாவதையும் அவர் ஒதுக்கியபோது பெரிய தச்சர் உளியைக் கீழே வைத்தார்.

"முப்பது வருஷக் கை சார். சும்மா சும்மா குத்தம் சொல்லாதீங்க."

"அப்ப சத்தம் எங்க இருந்து வருது?"

வாசலில் லாரி நின்றது. தச்சர் சும்மாக்காவிடம் போனார்.

"தங்கச்சி, வந்து ஒரு தடவ உக்காந்து பாரு."

"என் வேலை அட்டை சுத்தறதுண்ணே."

"அவருக்காக வேணாம். எனக்காக வா."

வந்தாள், உட்கார்ந்தாள். பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கால்மணி நேரமாகியும் நாற்காலி வாயைத் திறக்கவில்லை. பிறகு மேனேஜரை அதே நாற்காலியில் உட்காரச் சொன்னாள். கிறீச். குனிந்து அவர் இடுப்புப் பக்கம் காதைக் கொண்டுபோனாள். அவர் நெளிந்தார். இன்னொரு கிறீச்.

அவர் காதருகே மட்டும் கேட்டாள்: "பெல்ட் புதுசா சார்?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மெதுவாகச் சொன்னார்: "வெளிய யாருக்கும் தெரிய வேணாம்மா. என்ன வேணும், கேளுங்க."

"உக்கார இடம் வேணும் சார்."

"நாளையில இருந்து உக்காருங்க."

"இன்னிக்கே."

"சரி, இன்னிக்கே."

லாரிக்காரர் முணுமுணுக்க முணுமுணுக்க, மூன்று மணி நேரம் பன்னிரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் வண்டியை விட்டாள். தச்சர் என்னதான் துருவிக் கேட்டும், "நாற்காலி மேல குத்தமில்லண்ணே" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கொடுத்த வாக்கை மீறவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். அவர் பெரிய தச்சரிடம் மட்டும்.