மாப்பிள்ளை தள்ளிய வண்டி

சவுரியம்மாள் ஒன்று நினைத்துவிட்டால் ஆண்டவரே இறங்கி வந்து சொன்னாலும் கேட்க மாட்டாள். பொம்மையார்பாளையத்தில் பிறந்து, ஒரு குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் செத்ததும் ஐந்து வயது மகளைத் தம்பி சூசைமுத்துவிடம் விட்டுவிட்டு, ஒரு பிரெஞ்சு துரைசாணிக்கு ஆயாவாக சைகோனுக்குக் கப்பலேறினவள். அந்த மகள் அமலோற்பவமேரிக்கு இப்போது பதினேழு வயது, கல்யாணப் பேச்சு நடக்கிறது.

1937இல் துரைசாணி பிரான்சுக்குத் திரும்பும்போது, கப்பல் ஒரே ஒரு பகல் புதுச்சேரிக் கடலில் நின்றது. படகில் வந்து கடலுக்குள் நீண்ட கப்பல் பாலத்தில் கரையேறியதும் துரைசாணி, "ஐந்து மணிக்குப் பாலத்தடிக்கு வந்துவிடு" என்று சொல்லிவிட்டுத் தெரிந்தவர் வீட்டு விருந்துக்குப் போய்விட்டாள். பொம்மையார்பாளையம் வடக்கே கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும், அரை நாளில் போய் வரக்கூடிய தூரம்தான்.

சவுரியம்மாள் போகவில்லை. மகளைப் பார்த்தால் கட்டிக்கொண்டு அழவே பொழுது சரியாகிவிடும், மாப்பிள்ளையை யார் பார்ப்பது? தன் அப்பன் தனக்கு மாப்பிள்ளை பார்த்த லட்சணம் தெரியாதா? காணி இருக்கிறதா என்று விசாரித்தான், மாடு இருக்கிறதா என்று விசாரித்தான், பொழுது சாய்ந்தால் பையன் நேராக நிற்பானா என்று மட்டும் விசாரிக்கவில்லை. பட்டதெல்லாம் இவள். சம்மதம் என்றோ இல்லை என்றோ இன்றைக்கே சொல்லியாக வேண்டும். இன்னும் மூன்று வருஷத்துக்கு இந்தக் கரைப் பக்கம் வர முடியாது.

மாப்பிள்ளை மாசிலாமணி திண்டிவனத்துப் பக்கத்துப் பையன். புதுச்சேரியில் புஷ்புஷ் வண்டி தள்ளுகிறான், நீலக் கூரை போட்ட வண்டி என்று தம்பி எழுதியிருந்தான். ஆள் தெரியாமல் வந்து பார்க்கப் போவதைத் தம்பிக்கு மட்டும் எழுதி, யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொல்லியிருந்தாள். பாலத்தடியில் அந்த வண்டியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.

"நான் காரைக்கால்காரி தம்பி. ஊரை ஒரு சுத்துச் சுத்திக் காட்டு."

"ஆவட்டும்மா" என்றான்.

ஏறின பிறகுதான் அவளுக்கு உறைத்தது. புஷ்புஷ்காரன் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவான். முன்னால் திருப்புகிற கம்பி ஏறினவர் கையில் இருக்கும். மாப்பிள்ளை பார்க்க வந்தவளுக்கு மாப்பிள்ளை முதுகுக்குப் பின்னால்! திரும்பித் திரும்பிப் பார்த்தால் என்ன நினைப்பான்? சரி, காது எதற்கு இருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

கடற்கரைச் சாலையைப் பார்த்தாள். மாதா கோவிலுக்குள் போனாள். பையை வண்டியிலேயே விட்டுப் போனாள், வைத்தது வைத்தபடி இருந்தது. பெரிய கடைத்தெருவில் வேண்டுமென்றே கம்பியைத் திருப்பி ஒரு வெங்காயக் கூடையில் மோதினாள். கடைக்காரி பிடிபிடியென்று பிடித்தாள். மாசிலாமணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பொறுக்கிப் போட்டுவிட்டு வந்தான். சாராயக் கடை வந்தது.

"வெயிலா கீது தம்பி, உள்ள போயி ஒரு வாய் குடிச்சிட்டு வாயேன்."

"தண்ணியே போதும்மா."

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மத்தியானம் அவனே கேட்டான்: "வடக்கால பொம்மையார்பாளையம் வரைக்கும் போய்ட்டு வரலாமா? காத்து நல்லா வரும்."

அங்கே போனால் குட்டு உடைந்துவிடுமே! "அந்தக் குப்பத்துல இன்னா கீது பாக்க?" என்று கம்பியைத் தெற்கே திருப்பிவிட்டாள்.

ஐந்து மணிக்குப் பாலத்தடியில் இறங்கி, அவனை முகத்துக்கு முகம் பார்த்தாள். வேர்த்து ஊற்றிய, சாதுவான முகம். படகில் துரைசாணி ஏறிவிட்டிருந்தாள்.

"தம்பி, நான் காரைக்கால் இல்ல. நான் வந்து..."

"தெரியும் அத்தே."

சவுரியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிய்யா?"

"சூசைமுத்து மாமா விடியக்காலமே வந்து சொல்லிட்டாரு. அதான் கடைக்குள்ள போவல. மத்த நாள்ல சாயங்காலம் ஒரு கிளாஸ் கள்ளு குடிப்பேன். ஒரு நாள் நல்லவனா இருக்க எவனாலயும் முடியும் அத்தே, தெரிஞ்சிக்கினு முடிவு சொல்லுங்க."

அடப்பாவி தம்பி, ஓட்டை வாய்! கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன்னைப் பற்றித் தானே குறை சொல்கிறவனை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"அமலோற்பவத்த உனக்குத்தான் குடுக்கறேன். போதுமா?"

அவன் சிரிக்கவில்லை. "நீங்க கோவிலுக்குள்ள போனப்ப அந்த ஊரு மீன்காரி சொன்னா, அது காலையிலேந்து கப்பலையே பாத்துக்கினு கரையில நிக்குதாம். அம்மா எப்படியும் வந்துடும்னு மீன் கொழம்பு வச்சிக்கினு கீதாம். அதுக்குத்தான் அங்க போலாமான்னு கேட்டேன்."

படகுக்காரன் சத்தம் போட்டான். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கரை இறங்கி, நாள் முழுக்க ஊர் சுற்றியிருக்கிறாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

"கரையில எறங்க வுடலன்னு அது கிட்ட சொல்லுப்பா. அம்மா கப்பல வுட்டு எறங்கவே இல்லன்னு சொல்லிடு."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டான்.

"அது கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன் அத்தே."