எரியாத மிளகாய்

மாத்திரை போட்டவன் மறுநாள் வரை காத்திருப்பான். வலிக்கு ஜெல் தடவியவன் கையைக் கழுவுவதற்குள் குணம் கேட்பான். அந்த ஜெல்லைச் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. தொழிற்பேட்டையில் கரண்டுக்கும் முதலாளிக்கும் நடுவே மாட்டி முழி பிதுங்கியவர்களே, உங்களுக்கு இது புரியும். செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலம். கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனிக்கு நான் ஒருத்திதான் கெமிஸ்ட்.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

முதலாளி காசிம் பாய் பழவேற்காட்டுக்காரர். இறால் வியாபாரத்தில் சம்பாதித்ததையெல்லாம் கொட்டி, என் பேச்சை நம்பி ஒரு மிஷின் வாங்கினார். உருக்கிய மெழுகையும் எண்ணெயையும் மிளகாய்ச் சத்தையும் வெந்நீரோடு சேர்த்து, பயங்கர அழுத்தத்தில் முடி நுழையாத சந்து வழியாகத் தள்ளும். வெளியே வருவது கண்ணுக்குத் தெரியாத நானோ துளிகள். ஒவ்வொரு துளியும் மிளகாய்ச் சத்தை உள்ளே பொதிந்துவைத்துக்கொண்டு, தோலில் இறங்கி மெல்ல மெல்ல விடும். கொப்புளம் கிடையாது, வலிக்குச் சுகம்.

இதையெல்லாம் மூச்சு விடாமல் விளக்கி, முதல் சரக்கைக் கண்ணாடித் தம்ளரில் காட்டினேன். தண்ணிப்பால் மாதிரி இருந்தது. பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"கண்ணுக்கே தெரியாத சரக்க வெச்சிக்கினு நான் இன்னாம்மா யாவாரம் பண்றது?"

மெழுகுவத்தி

பக்கத்து இரும்பு ஆலையில் உலையைப் போட்டால் எங்கள் லைட் மங்கும். ஒருநாள் மிஷின் பாதி ஓட்டத்தில் இருக்கும்போது கரண்டு மொத்தமாகப் போய்விட்டது. சூடு ஆறியதும் குழாய்க்குள்ளேயே மெழுகு உறைந்து அடைத்துக்கொண்டது. ஆரம்பாக்கத்திலிருந்து வரும் ஆபரேட்டர் தேசிங்கு, ஸ்பேனரோடு மிஷினுக்குள் தலையை விட்டார். பாய் வருவதற்குள் சரியாக வேண்டுமே என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். தேசிங்கு நிதானமாகத் தலையை வெளியே எடுத்தார்.

"பேஜாராவாதீங்க மேடம். திரி ஒண்ணு சொருவிட்டா கரண்டு இல்லாத நேரத்துக்கு வெளிச்சமாவும்."

வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கழுவி ஒருவழியாகக் குழாயைத் திறந்தோம்.

கவரைப்பேட்டைக் கடை

கடைகளுக்குப் போன ட்யூபெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. என்னதான் கோளாறு என்று நானே கவரைப்பேட்டை மருந்துக் கடைக்குப் போய் நின்றேன். லோடு தூக்குகிறவர்கள் வாங்குகிறார்களாம். தடவிவிட்டு அங்கேயே நிற்கிறார்களாம். உடனே எரியவில்லை என்றதும் துடைத்துவிட்டு ட்யூபைத் திருப்பித் தருகிறார்களாம். கடைக்காரர் என் மேலேயே எரிந்து விழுந்தார்.

"மிளகான்னு போட்டுக்கினு எரியலன்னா டுபாக்கூர்னு சொல்றாங்க மேடம். நான் இன்னா பதில் சொல்றது?"

பாய் கொதித்துப்போனார். மிளகாய்ச் சத்தை அப்படியே ஜெல்லில் கலந்துவிடு, இல்லாவிட்டால் மிஷினை விற்கிறேன் என்றார். அப்படிக் கலந்தால் வலியோடு வருகிறவன் தோல் வெந்துபோகும். மிஷின் போனாலோ என் வேலை போகும். எங்கள் வீட்டில் அப்போது என் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் கலக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ திங்கக்கெழம ஆள் வருது. மிஷினத் தொடச்சி வையிம்மா."

முழங்கால்

தடாவிலிருந்து பெயின்ட் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். நல்ல மிஷினை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். பாய் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, தன்னுடைய வலிக்கிற முழங்காலில் ஜெல்லைத் தேய்த்துக் காட்டினார். "எரியுதா? எரியல!" இன்னொரு தரம் தேய்த்தார். ட்யூப் காலியாகிற வரை தேய்த்தார். "கொஞ்சமா போடுங்க பாய், நேரமாகும்" என்றேன். யார் கேட்டார்கள்? வந்தவரும் சும்மா இராமல் பிடரியில் அப்பிக்கொண்டார்.

மிஷினைச் சுற்றிப் பார்த்து, டீ குடித்து, விலை பேச உட்கார்ந்தார்கள். பேச்சின் நடுவில் பாய் காலை உதறினார். வந்தவர் சட்டை பட்டனைக் கழற்றினார். பாய் சொம்புத் தண்ணீரை எடுத்துக் காலில் ஊற்ற, எரிச்சல் இன்னும் ஏறி, எழுந்து குதித்தார். "ஐயோ, தண்ணி வேணாம்!" என்று கத்திக்கொண்டே தேங்காயெண்ணெயும் பஞ்சுமாக ஓடினேன். தேசிங்கு அட்டையால் விசிறினார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

எண்ணெயால் துடைக்கத் துடைக்க எரிச்சல் அடங்கி, இதமான சூடு மட்டும் நின்றது. பாய் நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்தார். காலை மடக்கினார், நீட்டினார். படியைப் பார்த்தாலே முனகுகிற மனிதர், மாடிக்கு ஏறிப் போய் இறங்கி வந்தார். அப்பாடா! எனக்கு அழுகையே வந்துவிட்டது. 'கொஞ்சமாகத் தடவவும், எரியும், பொறுக்கவும்' என்று ட்யூப் அட்டைப்பெட்டியில் அச்சடிக்கச் சொல்லிவிட்டு, பாய் வந்தவர் பக்கம் திரும்பினார்.

"மிஷினு விக்கறதுக்கு இல்ல நைனா. நாஷ்டா துன்னுட்டு கெளம்புங்க."

எனக்குச் சோறு போடுவது நான் படித்த எம்.ஃபார்ம் என்று எங்கள் வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்; அது பாயின் முழங்கால் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.