அம்மனுக்குச் சொன்ன முகவரி

சைகோன் மாரியம்மன் கோயில் வாசலில் துயெத் இருபத்தாறு வருஷமாகப் பூ விற்கிறாள். தமிழனான புருஷன் செத்ததும் அவன் கடை அவளுக்கு வந்தது. அவன் வாயும் கூடவே வந்துவிட்டது என்பார்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் கருவறைப் பின்சுவரில் நெற்றியை முட்டி, வேண்டுதலைக் கல்லிடம் கிசுகிசுப்பார்கள். அதற்கு முன் துயெத்திடம் பாட்டு வாங்கியாக வேண்டும். பேர், பிறந்த வருஷம், வீட்டு நம்பர், சந்து எல்லாம் பிசகாமல் சொல்லணும், இத்தனை லட்சம் வீட்டில் அம்மா எந்தக் கதவைத் தட்டுவாள் என்று விரட்டுவாள்.

அன்று காலை அவளே சுவரில் முட்டிக்கொண்டாள். மகள் லியெனுக்கு ஏழாம் மாசம். விடியும்போது உதிரம் கொட்ட, மருமகன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தான். பத்து மணிவரை யாரையும் உள்ளே விடமாட்டார்களாம். தாயும் பிள்ளையும் பிழைக்கணும் என்று கேட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். கட்டக் கட்டப் பூ நாரில் நிற்கவில்லை.

புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு வழக்கமான பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, வீட்டு நம்பர் என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐயோ, காலையில் அம்மாவிடம் பழைய கால்வாய்ச் சந்து வீட்டு நம்பரையல்லவா சொல்லித் தொலைத்தாள்! அந்த வீட்டை இடித்து இரண்டு மாசமாகிறது. ஊருக்கெல்லாம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்குத் தன் வீடு மறந்துபோயிற்று. அம்மா இந்நேரம் செங்கல் குவியல் நடுவே நின்று லியெனைத் தேடிக்கொண்டிருப்பாள்.

உள்ளே ஓடி, வரிசையை இடித்துத் தள்ளிச் சுவரைப் பிடித்தாள். புது வீடு, ஒன்பதாவது மாடி என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். லியென் அங்கேயும் இல்லையே. எந்த மாடி, எந்தக் கட்டில்? மருமகனுக்கு மூன்று தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரியாதா அக்கா?" என்றார் பூசாரி சடையப்பன்.

"தெரிஞ்சா நான் எதுக்கு இருபத்தாறு வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன்?"

அவள் கண் கலங்கிவிட்டது. திரும்பவும் நெற்றியைக் கல்லில் வைத்தாள். "எனக்கும் இடம் சரியாத் தெரியலம்மா. என் வண்டியில ஏறிக்க, போயிடலாம்."

பின் இருக்கையில் எப்போதும் கட்டியிருக்கும் பூக்கூடையை அவிழ்த்துக் கடையிலேயே போட்டாள். காலி இருக்கையோடு கிளம்பினாள். பதற்றத்தில் பறக்க வேண்டும்போல இருந்தும், பள்ளம் வந்த இடத்தில் வண்டியை மெதுவாகவே ஏற்றி இறக்கினாள்.

போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி லியென் பேரைப் பதிவேட்டில் தேடிப் பிடித்து, எத்தனை பேர் என்று கேட்டான்.

"ரெண்டு பேரு."

அவன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "ஒருத்தர்தான் போகலாம் அத்தை."

துயெத் கதவைப் பார்த்தாள். உள்ளே கிடப்பது பெற்ற பிள்ளை.

"அப்ப அவங்க போகட்டும்," என்றாள். "மாடியும் கட்டில் நம்பரும் மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

ஒன்றும் புரியாமல் அவன் வாசித்தான். "மூணாவது மாடி. பதினாறாம் கட்டில்."

துயெத் வழியை விட்டு ஓரமாக விலகி நின்றாள்.