ஒற்றைக் கையால் பிட் மாற்றுவது

எங்கள் வீட்டில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் நூல். இந்தப் பக்கம் நான் பூஜை அறைக் கதவுகள் செய்கிறேன். அந்தப் பக்கம் என் மனைவி பவர்லூம் தறி ஓட்டுகிறாள். வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற நகரியில் பிறந்தவனுக்குத் தறிச்சத்தம் சத்தமாகவே படாது. மழைநாளில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கிற மாதிரி ஒரு மயக்கம் அது. அந்த மயக்கத்துக்குள் இருந்துகொண்டு தேக்குப் பலகையில் ரூட்டரை ஓட்டும்போது, வேலை செய்கிறேனா, வேலை செய்வதாகக் கனவு காண்கிறேனா என்று எனக்கே பிடிபடாது. ஜன்னல் வெயிலில் மரத்தூள் மிதந்துகொண்டே இருக்கும். தாமரை இதழ்கள் தாமாகவே பலகையிலிருந்து எழுந்து வருவதுபோல் இருக்கும்.

ரூட்டர், கையால் பிடித்து ஓட்டுகிற மிஷின். அதன் வாயில் பிட் என்கிற சின்ன வெட்டுக்கத்தி சுழலும். இதழுக்கு ஒரு பிட், விளிம்பு வளைவுக்கு ஒன்று, இதழின் நரம்புக்குக் கூர்மையாக இன்னொன்று. திருப்பதியில் புது வீடு கட்டுகிறவர்களுக்குப் பூஜை அறைக் கதவில் மட்டும் ஆசை அடங்காது. மணி வேண்டும், தாமரை வேண்டும், சங்கு சக்கரம் வேண்டும். ஒரு கதவு முடிவதற்குள் பிட்டை மாற்றி மாற்றியே பொழுது போய்விடும். மாற்றுவதற்கு இரண்டு ஸ்பேனர் தேவை. ஒன்று, தண்டு சுற்றாமல் பிடிக்க. மற்றது, நட்டைத் திருக. இரண்டு ஸ்பேனருக்கு இரண்டு கை வேண்டும். எனக்கு இருந்தது ஒன்றரை.

புத்தூர் ரோட்டில் பைக்கோடு விழுந்ததில் இடது கை அப்படி ஆனது. எலும்பு நன்றாகத்தான் சேர்ந்தது. விழுந்தபோதே அறுந்த நரம்புதான் திரும்பவில்லை. மிஷினின் பிடியில் உள்ளங்கையை வைத்து அழுத்த முடியும். விரலை மடக்கி ஸ்பேனரைப் பிடி என்றால் மட்டும், பள்ளிக்கூடம் போக எழுப்பினாலும் எழுந்திருக்காத பிள்ளை மாதிரி சும்மா கிடக்கும். எனக்கு அந்தக் கைமேல் அவ்வளவு கோபம். ஒருநாள் மேஜையில் ஓங்கி அடித்தேன். வலித்தது நல்ல கைக்குத்தான், அடித்தது அதுதானே.

அதனால் ஒவ்வொரு பிட்டுக்கும் சுவரைத் தாண்டிக் கத்துவேன். "இந்தா மே, வா." தறி நிற்கும். திடீரென்று ஊரே காலியானதுபோல் இருக்கும். எங்கோ குக்கர் விசில், ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன், எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு அவள் வந்து ஒரு ஸ்பேனரைப் பிடிப்பாள். நான் மற்றதைத் திருகுவேன். "ஆச்சா?" என்பாள். "ஆச்சு" என்பேன். போய்விடுவாள். இரண்டு வருடமாக இப்படித்தான் கதவுகள் முடிந்தன.

ஒரு மத்தியானம், அவளிடம் சேலை எடுக்கிறவர் வாசலில் ஒரு சேலையை விரித்துப் பிடித்தார். "ஈ கீதலு ஏந்தம்மா? இத்தினி கோடு போட்டுக் குடுத்தா எவன் வாங்குவான்?" என்றார், தெலுங்கு பாதி தமிழ் பாதியாக. "கரண்ட்டு போய்ப் போய் வருது சாமி" என்றாள் இவள். அந்த வாரம் கரண்ட்டே போகவில்லை. அவர் எடுக்காமல் விட்டுப்போன சேலையை நான் வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ஓடுகிற தறியை அவசரமாக நிறுத்தி மறுபடி ஓட்டினால், குறுக்கு நூல் நெருங்கி மெல்லிய கோடு விழும். நாடாவுக்குள் குறுக்கு நூல் சுற்றியிருக்கிற தார் தீர்ந்து தறி நிற்கும்போது, அவள் நிதானமாக நூல் சேர்த்துத்தான் ஓட்டுவாள், அப்போது கோடு தெரியாது. இவை என் குரலுக்கு நின்ற கோடுகள். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் இருந்த நெருக்கத்தையும் தூரத்தையும் கண்ணாலேயே அளந்துகொண்டு போனேன். இது இதழ் வெட்டிய நேரம், இது நரம்பு, இது விளிம்பு. நான் செய்த ஒரு கதவு முழுக்க அவள் சேலையில் கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ, வெயில் கால்வரை வந்துவிட்டது.

சாப்பிடும்போது சொன்னேன், "மிஷின வித்துடறேன். திருப்பதி மலமேல சத்திரத்துல வாச்மேன் வேல கீதாம்."

"துன்னு மொதல்ல" என்றாள்.

"உன் பொழப்பும் என்னால கெடுது."

"தறிய நிறுத்தனது நானு. உன்னாண்ட வந்து நான் அழுதனா?" தட்டில் சோற்றை இன்னும் கொஞ்சம் போட்டாள். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் எனக்குள் முடியவில்லை. மிஷினை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? விடாவிட்டால் அவள் தறி என்ன ஆகும்? இந்த இரண்டுக்கும் நடுவில் சில நாள் தூக்கத்தில் நடப்பவன் மாதிரி இருந்தேன்.

என் மூளைக்கு எட்டிய வழிகளைச் செய்து பார்த்தேன். ஒரு ஸ்பேனரைக் கயிற்றில் கட்டிக் கால் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்தேன். அது நழுவி முழங்காலில் விழுந்தது. மேஜை இடுக்கில் செருகிப் பார்த்தேன், மேஜை வாய் பிளந்தது. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. தறிக்குப் பொட்டு வைத்த கையோடு அவள் ரூட்டருக்கும் வைத்தாள். மறுநாள் பார்த்தால் பிட் அசையவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து திருகியும் வரவில்லை.

"சந்தனத்த எங்க வெச்ச?"

"மூஞ்சில."

"மிஷினுக்கு எதும்மே மூஞ்சி?"

"வாய் எங்க கீதோ அங்கதான மூஞ்சி இருக்கும்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

குழைத்த சந்தனம் நட்டுக்குள் இறங்கிச் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. எனக்கு வந்த கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. நட்டை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, இளகியதும் எல்லாவற்றையும் பிரித்தேன். மிஷினின் கழுத்துக்குள் அப்படி நிதானமாக நான் பார்த்ததே இல்லை. பிட்டை அடிவரை தள்ளி இறுக்குவதுதான் என் வழக்கம். அப்படி முட்டி நிற்பதால்தான் கழற்றும்போது அந்தப் பாடு படுத்துகிறது என்று அப்போதுதான் உறைத்தது. தண்ணீர்க் குழாயின் ரப்பர் வாஷர் ஒன்றைச் சின்னதாக வெட்டி அடியில் போட்டேன். பிட் முட்டாமல் நின்றது. பிறகு ஒரு வேப்பம் பலகையில் ஸ்பேனரின் உருவத்தை வரைந்து குடைந்து, ஸ்பேனரை அதில் பதித்து, வாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேஜையில் முடுக்கினேன். அதன் முன்னால் மிஷினைப் படுக்க வைக்க ஒரு தொட்டில். உருளாமல் இருக்க உள்ளே ஏதாவது வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தறியிலிருந்து கழற்றிப் போட்ட தோல் பட்டையை அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே போட்டுவிட்டு, மிஷினைத் தொட்டிலில் படுக்க வைத்தேன். தண்டு ஸ்பேனரின் வாய்க்குள் போய் உட்கார்ந்தது. வலது கையால் நட்டைத் திருகினேன். லேசாகத் திரும்பியது. பழைய பிட் கையில் வந்தது, புதிய பிட் உள்ளே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன். அன்று நான் வேலை செய்த மாதிரி என்றைக்கும் செய்ததில்லை. இதழ், நரம்பு, விளிம்பு, மறுபடி இதழ். சத்தமும் தூசியும் வெயிலும் நானும் ஒன்றாகக் கலந்து எங்கோ போய்க்கொண்டிருந்தோம்.

நடுவில் தறி நின்றது. நிமிர்ந்தேன். அவள் வாசலில் நின்றாள், தலையில் பஞ்சுத் தூசியோடு.

"இன்னா மே, உன் பக்கம் மட்டும் கரண்ட்டு போச்சா?"

"கரண்ட்டெல்லாம் கீது." மேஜையையும் தொட்டிலையும் பார்த்தாள். "காலைல இருந்து கூப்புடவே இல்லியே நீ."

"கூப்புட வேல இல்ல. பாரு, ஒரு கையிலியே மாத்தறேன்" என்று மாற்றிக் காட்டினேன். சின்னப் பையன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா கீது" என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள். "காலைல எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் தறி மொகத்தத்தான் பாத்துக்கினு கீறேன். நீ கூப்புட்டா எந்திரிச்சு வருவேன். இனிமே அதுவும் இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு வேலை ஓடவில்லை. நான் கத்தும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தொல்லை என்றே இத்தனை நாளும் நினைத்து வெந்துகொண்டிருந்தேன். அவள் அதற்காகக் காத்திருந்திருக்கிறாள்.

இப்போதெல்லாம் தார் தீர்ந்து தறி நிற்கிற நேரத்துக்குக் காதைக் கொடுத்து வைத்திருக்கிறேன். நின்றதும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, வேலை எதுவும் இல்லாமல் அவளைக் கூப்பிடுகிறேன்.