மாமா பெயர் வெட்டிய சைலன்சர்

எங்கள் வீட்டில் பெயர் வெட்டாமல் வாசலைத் தாண்டிய பாத்திரம் ஒன்றே ஒன்று. கல்யாண வீட்டுக்கு இரவல் போன அந்த அண்டா திரும்பி வரவே இல்லை. அம்மா ஒரு வாரம் புலம்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் வேலையே அவளுக்கு. அவள் வீட்டு அண்டாவுக்கே இந்தக் கதி. அதன் பிறகு ஒரு கரண்டிகூடப் பெயர் இல்லாமல் வெளியே போனதில்லை.

முகூர்த்த மாதங்களில் அம்மா பெயர் வெட்டும் மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள். பழைய மூடிகளில் வெட்டிப் பழகி, ஒன்பது வயதில் எனக்கும் அது கைவந்திருந்தது. என் எழுத்து அம்மாவின் எழுத்தைவிட அழகு என்பது என் எண்ணம். அம்மாவுக்கு அப்படி எந்த எண்ணமும் இருந்ததில்லை.

அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். ராஜபாளையத்தில் ஒரு சைலன்சர் பட்டறையில் வெல்டர். அவர் செய்த வேலையெல்லாம் முதலாளியின் பெயரில்தான் போகும். "தனியாப் பட்டறை போடணும்க்கா" என்று சாப்பாட்டின்போது தினமும் சொல்வார். "மொதல்ல சாப்பிடு" என்பாள் அம்மா.

அந்தப் பட்டறைக்கு வந்துபோகும் ஓர் இளைஞர் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். அதன் சைலன்சர் முனையில் மாட்ட, கடையில் கிடைக்காத மாதிரி இரண்டு அலங்காரக் குழாய், அதாவது டிப், வேண்டும் என்று மாமாவிடம் தனியாகக் கேட்டார். நன்றாக அமைந்தால் கோயம்புத்தூர்க் கூட்டாளிகள் காருக்கெல்லாம் மாமாவையே சொல்வதாக வாக்களித்தார். மாமாவின் பட்டறைக் கனவு முழுவதும் அந்த இரண்டு டிப்பில் வந்து நின்றது.

லீவு போட்டுவிட்டு எங்கள் கொல்லையில் வேலையைத் தொடங்கினார். ஸ்டீல் குழாயைச் சரிவாக வெட்டினார். மேல்பக்கம் நீளம், கீழ்ப்பக்கம் குட்டை. இரவல் வாங்கிய ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டுத் தெரியாமல் ஒட்டினார். பச்சை மெருகு சோப்பு தடவிப் பஃப் சக்கரத்தில் தேய்த்ததும் என் முகம் அதில் தெரிந்தது, மூக்கு மட்டும் பெரிதாக. கடைசியில் கேஸ் தீயைக் காட்டினார். விளிம்பில் பொன்னிறம் ஏறி, ஊதாவாகி, நீலமாக நின்றபோது அம்மாகூட அடுப்பை மறந்து பார்த்தாள். நாலு தடவை கெட்ட பிறகு வந்த நீலம் அது. அத்தோடு கேஸும் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கார் வர வேண்டும். மாமா குளிக்கப் போயிருந்தார். இரண்டு டிப்பும் துணிமேல் பளபளத்துக் கிடந்தன, பெயர் இல்லாமல். எனக்கு அண்டா ஞாபகம் வந்தது. மிஷினை எடுத்தேன். மாமாவின் இனிஷியல், முழுப்பெயர், கீழே 'ஸ்ரீவி' என்று ஊர்ப்பெயர். ஒரு டிப்பில், எல்லோரும் பார்க்கிற மேல்பக்கத்தில் ஆழமாகவே வெட்டி முடித்து, அடுத்ததைக் கையில் எடுத்தேன்.

ஈரத் தலையோடு வந்த மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். தேய்த்தால் நீலம் போய்விடும். சரிவாக வெட்டியதால் பெயர் அடியில் போகும்படி திருப்பி மாட்டவும் முடியாது. அதற்குள் கார் சத்தம் தெருமுனையில் கேட்டது.

மாமா இரண்டையும் மாட்டினார். அந்த இளைஞர் சற்றுத் தள்ளி நின்று பார்த்து, அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் "பாகுந்தி", நன்றாக இருக்கிறது, என்றார். பிறகு குனிந்து படித்தார்.

"இது யாரு பேருண்ணே?"

"என் பேருதான்."

"நாலு வருசமா அண்ணேன்னே கூப்பிட்டுட்டேன். பேரு தெரியாமப் போச்சே." கொஞ்சம் தயங்கினார். "இத அழிச்சிரலாமாண்ணே?"

மாமா அந்த எழுத்துகளைக் கட்டை விரலால் தடவினார். ஆமாம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

"வேண்டாம் தம்பி. புடிக்கலன்னா கழட்டிக்கிடுதேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இளைஞர் காரைக் கிளப்பிச் சத்தம் கேட்டார். இறங்கி வந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அடுத்ததுலயும் வெட்டிருங்க. ஒரு பக்கம் மட்டும் இருந்தா நல்லாயில்ல."

அம்மா மிஷினை எடுக்கப் போனாள். "விடுக்கா, அவளே வெட்டட்டும். ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கணும்ல" என்றார் மாமா. அடி வாங்கிய முதுகு நிமிர்ந்து நான் போய் உட்கார்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமைதான்.

கார் போன பிறகும் மாமா தெருவிலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது. "கவலப்படாதீங்க மாமா, பேரு இருக்குல்ல, டிப்பு திரும்பி வந்திரும்" என்றேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அடுத்தடுத்த மாதங்களில் கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கார்கள் எங்கள் தெருவுக்கு வந்தன. டிப்பில் படித்த பெயரைச் சொல்லி மாமாவைக் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் நான், "எங்க டிப்ப அந்த மஞ்சக் காரு அண்ணன் எப்பத் தருவாக?" என்று விசாரித்தேன். எல்லோரும் சிரித்துவிட்டு மாமாவிடம் போனார்கள். அண்டாவிலாவது பெயர் இல்லை. இதில் இரண்டு பக்கமும் இருந்தது. மாமாவோ ஒரு நாளும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. இப்படி வெள்ளந்தியாக இருக்கிறவர் எப்படித் தனியாகப் பட்டறை நடத்தப் போகிறார் என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.