ஈறில் ஒரு நீலக்கோடு

முதலில் வந்தது வயிற்றுவலிதான். அமீரகத்து ராஸ் அல் கைமாவில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். தொப்புளைச் சுற்றி ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கு முறுக்கியது. கையைக்கூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் விட்டது. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு, குழம்பைக் கொதிக்க வைத்தேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. என் கணவர் ஒரு டைல்ஸ் கம்பெனியில் என்ஜினியர். எனக்கு வேலை வீட்டுக்குள்ளேயே. சென்னையில் ஒரு வார இதழுக்குத் துப்பறியும் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது ஓடிய கதை விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் நடந்தது. லண்டனை நான் கண்ணால் பார்த்ததில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். நான் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு பனிமூட்டத்தை எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கதையில் வீட்டு வேலை செய்யும் ஏழைப் பெண்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். என் கதாநாயகர் ஒரு டாக்டர். ஒரு பெண்ணின் உதட்டை விலக்கிப் பார்க்கிறார். ஈறின் ஓரத்தில் மெல்லிய நீலக்கோடு. உடம்பில் ஈயம் ஏறினால் அப்படிக் கோடு விழும். வேண்டாத கருவைக் கலைக்க ஈயப் பசையை உருட்டி மாத்திரையாக விற்கும் ஒரு கிழவியை அவர் தேடிப் பிடிக்கிறார். நூலகத்தில் தடித்தடிப் புத்தகங்களைப் புரட்டி எடுத்த சங்கதி அது. அந்த அத்தியாயத்துக்கு வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வலி வருவதும் போவதுமாக இருந்தது. மலச்சிக்கல் கூட வந்து சேர்ந்துகொண்டது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. குமட்டல் என்றதும் எனக்கு வேறு ஆசை வந்துவிட்டது. கல்யாணமாகி ஆறு வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. பரிசோதனை செய்து பார்த்தேன். இல்லை. வயிற்றுவலிக்கு அழாத நான் அன்றைக்குப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒரு டாக்டர் அல்சர் என்றார். இன்னொருவர் குடல்வால் என்றார். எல்லோரும் இரத்தசோகை என்றார்கள். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொருவரும் மறக்காமல் கேட்டார்கள். இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

ஒரு நாள் காலையில் தோசைத் திருப்பி கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. வலது மணிக்கட்டு நிமிர மறுத்துத் தொங்கியது. என் கணவர் அன்றைக்கு டியூட்டிக்குப் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே இருந்தவர் மலையாளி டாக்டரம்மா ஒருவர். ஸ்மியர் (ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெரிந்தனவாம். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு என் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

நான் எழுதிய கோடு அங்கே ஓடியது. ஒரு பிழையில்லாமல், நான் வர்ணித்த அதே நிறத்தில். தினமும் கண்ணாடி முன்னால் நின்று பல் தேய்த்தவள் நான்தான். லண்டன் பெண்களின் வாயை எல்லாம் திறந்து பார்த்தவளுக்குத் தன் வாயைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் என் கணவரைக் கவலையோடு பார்த்தார்.

இரத்தத்தில் ஈயம் மிக அதிகம் என்று முடிவு வந்தது. எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. முதல் சந்தேகம் என் கணவர் மேல் விழுந்தது. டைல்ஸுக்குப் பூசும் மெருகில் ஈயம் இருக்கலாம், உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்றார் டாக்டர். அந்த மனுஷன் இடிந்துபோனார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு, "என்னாலதானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவருக்கும் பரிசோதனை செய்தார்கள். அவர் இரத்தம் சுத்தமாக இருந்தது.

அடுத்தது தண்ணீர், பாத்திரம், குங்குமம். எதிலும் இல்லை. அப்புறம்தான் டாக்டர் கேள்வியை மாற்றினார். ஊரிலிருந்து என்னென்ன வருகிறது என்று சொல்லச் சொன்னார். இட்லிப் பொடி, அப்பளம், வடகம், சுக்குக் கருப்பட்டி என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். கடைசியில், அத்தை அனுப்பும் செந்தூரம் என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது மருந்தில்லையா?"

"மருந்துன்னு இல்ல டாக்டர். தேன்ல குழைச்சு நாக்குல தடவிக்கிறதுதான்."

செந்தூரம் என்றால் உலோகத்தைப் புடம் போட்டு எடுக்கும் சிவப்புப் பொடி. என் மாமியார் ஊரில், தென்காசிப் பக்கம், ஒரு வைத்தியர் கொடுப்பது. கர்ப்பப்பைக்குப் பலம், பிள்ளை தங்கும் என்று அத்தை சொல்வார். லீவு முடிந்து வருகிறவர்கள் யார் கையிலாவது கொடுத்துவிடுவார். பார்மசியில் வாங்கினால்தான் எங்களுக்கு மருந்து. அத்தை பொட்டலம் கட்டி அனுப்பினால் அது பாசம். பாசத்தை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?

பொடியைச் சோதித்தார்கள். ஈயம். என் கதையில் பிள்ளை வேண்டாம் என்று அந்தப் பெண்கள் விழுங்கியதை, பிள்ளை வேண்டும் என்று நான் நக்கிக்கொண்டிருந்தேன்.

கீலேஷன் (இரத்தத்தில் உள்ள உலோகத்தைப் பற்றி இழுத்துச் சிறுநீரோடு வெளியேற்றும் சிகிச்சை) தொடங்கியது. அந்த மாத்திரைக்கு அழுகிய முட்டை நாற்றம். உங்களுக்கும் அதை எழுதிக் கொடுத்திருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குங்கள். கொஞ்ச நாளில் பழகிவிடும். வலி முதலில் போனது. மணிக்கட்டு மெதுவாகத்தான் நிமிர்ந்தது. எல்லா நாட்டு மருந்தும் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டு ரசத்தில் பாதி நாட்டு மருந்துதான். வாய்க்குள் போகும் எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

உடனே பிள்ளைக்கு முயற்சி செய்யக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரத்தத்தில் இருக்கும் ஈயம் போய்விடும். எலும்புக்குள் போனது அங்கேயே தங்கும். பிள்ளைக்காகத் தாயின் எலும்பு சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்கும்போது ஈயமும் கூடவே போகும். அதுவரை மாதத்துக்கு மாதம் நாள் எண்ணியே வாழ்ந்தவள் நான். காத்திரு என்றதும் தவித்துப் போனேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. கதையில் விஷம் கொடுத்தவளுக்குப் பேராசை என்று எழுதிவிட்டேன். எனக்குக் கொடுத்தவருக்கு ஒரு பேத்தி வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை.

தன் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று என் கணவர் கெஞ்சினார். தெரிந்தால் தாங்கமாட்டாள் என்றார். ஊருக்கு அல்சர் என்று சொல்லி வைத்தோம். வரும் பொட்டலங்களைத் தொடாமல் டாக்டரிடம் ஒப்படைத்தோம்.

இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து உண்டானேன். மாதாமாதம் இரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் உயிர் போய் உயிர் வந்தது. மகள் பிறந்தாள். நல்லபடியாகப் பிறந்தாள். இதை எழுதும்போதுகூடக் கண் கலங்குகிறது.

பிரசவத்துக்கு அத்தை விசிட் விசாவில் வந்திருந்தார். பேத்தியைக் குளிப்பாட்டும் போதெல்லாம், தன் மருந்து வீண்போகவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அவருடைய மகள் தோஹாவில் இருந்தாள். அவளுக்கும் இன்னும் பிள்ளை இல்லை. யாரிடமாவது கொடுத்து அனுப்பச் சொன்னார்.

இனி மூடி வைக்க வழியில்லை. என் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் டாக்டர் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து உண்மையைப் போட்டு உடைப்பார். இங்கே அத்தையும் நானும்தான். குழந்தை அவர் மடியில் தூங்கியது. ஈயத்தைப் பற்றி, என் கையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"நானும் இதத்தான சாப்ட்டேன்" என்றார். "கட்டிக்கிட்டு வந்த வருசத்துல இருந்து. அவனுக்கு முன்ன மூணு தங்கலல்லா."

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏளா, அப்ப அந்த மூணும்?"

ஒரு குற்றவாளியை அந்த நிமிஷமே நான் உண்டாக்க வேண்டியிருந்தது. "உங்களுக்குக் குடுத்தது பழைய வைத்தியர், அத்தை. அவர் முறையாப் புடம் போட்டவர். இப்ப அவர் மகன் செய்யறதுலதான் கோளாறு. நீங்க சாப்ட்டது நல்ல மருந்து" என்றேன். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நன்றாகக் கதை எழுதுவேன் என்று மகன் சொல்லுவான் என்றார். பொட்டலத்தை என் கையில் கொடுத்து, பிள்ளை கை படாத இடமாகப் போடச் சொன்னார்.

வயதாகி எலும்பு தேயும்போது பழைய ஈயம் மறுபடி இரத்தத்துக்கு வரலாம் என்று டாக்டர் போனில் சொன்னார். அத்தைக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. அடுத்த நாள் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நர்ஸ் ஊசியைக் குத்தி இரத்தம் குழாயில் ஏறத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"எத்தன வருசத்துக்கு முன்ன உள்ளது வரைக்கும் இதுல தெரியும்?"